தாமோதரன் பெயர் எழுதிய குழாய்

பெங்களூரு
12 பிப்ரவரி 2024

அண்ணிக்கு,

உங்கள் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவரைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிவந்ததுதான் தவறு என்று அண்ணன் இன்னும் நினைக்கிறார். கல் தூசி நிறைந்த அந்த நுரையீரலுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று நான் இன்னும் நினைக்கிறேன். அதை விடுவோம்.

ஜனவரியில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்காகச் சர்ச் ஹாலில் ஆட்களைத் திரட்டித் தந்தீர்கள். நன்றி. தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் பாதி, பூதிகோட்டைப் பக்கம் விவசாயிகள் பாதி என்று கேட்டிருந்தோம், அப்படியே வந்திருக்கிறது. ரத்தம் எடுக்க வந்த மமதா, வேறு எந்த ஊரிலும் ஒரு குழாய்கூடக் காலியில்லாமல் திரும்பியதில்லை என்று ஆச்சரியப்பட்டாள். "உங்க ஊர்க்காரங்க ஷிப்ட்டுக்கு வர்ற மாதிரி வந்து நின்னாங்க மேடம்" என்றாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கொடுத்தவர்களில் தாமோதரன் என்று ஒருவர். அவர் உடம்பு எப்படி இருக்கிறது? பெரிய வியாதி ஏதாவது வந்ததுண்டா? அவர் வீட்டில் யாராவது சின்ன வயதில் புற்றுநோயில் இறந்திருக்கிறார்களா? நான் கேட்டதாகச் சொல்லாமல் விசாரியுங்கள். அவர் பயப்படக் கூடாது. பயப்பட ஏதாவது இருக்கிறதா என்பது எனக்கே இன்னும் தெரியாது.

ஷைலஜா

கோரமண்டல்
17 பிப்ரவரி 2024

அன்பு ஷைலா,

தேவ கிருபையால் எல்லோரும் சுகம். இந்த வரி உனக்குப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் எழுதினால்தான் எனக்குக் கடிதம் மாதிரி இருக்கிறது.

உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று உன் அண்ணன் என்னிடம் அப்பா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்க மறந்ததற்கு நான் பொறுப்பில்லை. அவர் மட்டும் என்ன? உன் ஆய்வுக்கு நான் உதவக் கூடாது என்று வீட்டில் கத்திவிட்டு, அன்றைக்குக் காலையில் ஹாலுக்கு வந்து பெஞ்சுகளை எல்லாம் வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாமோதரன் மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவருக்கு எழுபத்திரண்டு வயது. மாரிகுப்பம் வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிறார். வழியில் தென்படுகிறவர்களை எல்லாம் திட்டுகிறார். இருமல் இருக்கிறது, அந்த இருமல் இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை? அவர் வீட்டில் யாரும் இளம் வயதில் போகவில்லை. அவர் அம்மா தொண்ணூறு வயது வரை இருந்து மருமகள்களை அலறவைத்தார்.

எதற்குக் கேட்கிறாய் என்று எழுது. நீ பாதி சொல்லிப் பாதியை விழுங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணி ஜெசிந்தா

பெங்களூரு
22 பிப்ரவரி 2024

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். இது உங்களோடு இருக்கட்டும்.

நம் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ தினமும் அங்கங்கே அறுந்துகொண்டுதான் இருக்கிறது. அறுந்த இடத்தில் அதை ஒட்டவைக்கும் புரதங்கள் வந்து கூடும். அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் நாங்கள் ஆன்டிபாடி போடுகிறோம். அது ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்திருப்போம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி. ஒரு புள்ளி என்றால் ஓர் இடத்தில் வேலை நடக்கிறது என்று பொருள்.

ரத்தத்தின் மேல் நாங்களே கொஞ்சம் எக்ஸ்ரே பாய்ச்சி, வேண்டுமென்றே டிஎன்ஏவை அறுக்கிறோம். அரை மணி நேரத்தில் எல்லோருடைய செல்லிலும் பச்சைப் புள்ளிகள் நிறைந்துவிடும். மறுநாள் பார்த்தால் வேலை முடிந்து, புரதங்கள் கலைந்து, செல் இருண்டு கிடக்கும். ஒன்றிரண்டு புள்ளி மிஞ்சலாம். சுரங்கத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

தாமோதரன் பெயரில் இருந்த குழாயில் மறுநாளும் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. செல் முழுக்கப் பச்சையாக நின்றது. இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். நாற்காலியை விட்டு எழுந்து வராந்தாவில் போய் நின்றேன். மமதா பின்னாலேயே வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

நான் நம்பவில்லை. ஆன்டிபாடி கெட்டிருக்கும் என்று புதுப் பாட்டில் வாங்கினேன். சாயத்தை மாற்றினேன். மிச்சமிருந்த ரத்தத்தை வேறொருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் செய்யச் சொன்னேன். அதே பச்சை.

இதற்கு என்ன அர்த்தம் என்று ஓர் ஊகம் இருக்கிறது. ஊகத்தைக் கடிதத்தில் எழுதுவது என் பழக்கமில்லை. தாமோதரனிடம் இன்னொரு முறை ரத்தம் வேண்டும். மமதாவை அனுப்புகிறேன்.

ஷைலஜா

கோரமண்டல்
4 மார்ச் 2024

அன்பு ஷைலா,

மாமாவின் ரத்தம் உன் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். அதை எடுப்பதற்குள் எங்களுக்குத்தான் ரத்தம் சுண்டியது. "இன்னா டீச்சரு, எங்கிட்ட மட்டும் இன்னாத்துக்குத் தேடினு வந்து எடுக்குறீங்க? என் ரத்தத்துல தங்கம் ஓடுதுன்னு எவனாச்சும் சொல்லிகினு இருக்கானா?" என்று என்னிடம் கத்திவிட்டு மமதாவை விரட்டினார். அவளுக்கு நம் தமிழ் பாதி புரியவில்லை. சிரித்துக்கொண்டே கன்னடத்தில் கெஞ்சினாள். கடைசியில் மட்டன் பிரியாணி என்று சொல்லித்தான் கையை நீட்டவைத்தேன். இனி எல்லாம் சரியாக வரும். முன்னால் வந்ததை நீ மறந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிப்ரவரி முதல் வாரத்தில் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கெட்ட கட்டிதான். சின்னது என்பதால் அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதியபோது தையல்கூடப் பிரிக்கவில்லை. உன் அண்ணன் உனக்குத் தெரியவே கூடாது என்கிறார். தெரிந்தால் அப்பாவைக் கொண்டுபோன மாதிரி என்னையும் கொண்டுபோய்விடுவாயாம். "கேஜுல ஏத்தினு போனா, திருப்பி மேல கொண்டாரல" என்று, சுரங்கத்துக் கூண்டு லிப்ட்டில் இறக்கிவிட்ட மாதிரி, அப்பா படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த வாரக் கடைசியிலிருந்து கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்கப் போகிறார்கள். காலை ரயிலில் பெங்களூர் வந்து, கரண்ட் முடித்து, மாலை ரயிலில் திரும்ப வேண்டும். பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கட்டி பயமில்லை. கரண்ட்தான் பயம். என் தங்கை நேசமணி போனது உனக்குத் தெரியும். கழுத்துக் கட்டிக்குக் கரண்ட் வைத்தார்கள். ஒரே வாரத்தில் உள்ளேயும் வெளியேயும் வெந்து போனாள். தண்ணீர்கூட இறங்கவில்லை. எல்லோருக்கும் வைக்கிற அளவுதான் வைத்தோம் என்றார்கள். டாக்டரிடம் இதைச் சொன்னேன். அந்தக் காலத்து மெஷின் வேறு, இப்போது வேறு என்கிறார்.

நீ படித்தவள். நீ சொன்னால் நம்புவேன்.

அண்ணி ஜெசிந்தா

பெங்களூரு
14 மார்ச் 2024

அண்ணிக்கு,

உங்கள் கட்டியைப் பற்றிப் படித்தேன். என்னிடம் மறைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. டாக்டர் சொன்னது சரி. இப்போதைய மெஷின்கள் கட்டி இருந்த இடத்தை மட்டும் குறிவைக்கும். நேசமணிக்கு நடந்தது அன்றைய மெஷினின் கோளாறாகவோ அளவைத் தவறாகக் கணக்கிட்டதாகவோ இருக்கலாம். இரண்டும் இப்போது நடக்காது. பயப்படாமல் கரண்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் விஷயம். தாமோதரனின் இரண்டாவது ரத்தம் எல்லோரையும் போலச் சாதாரணமாக இருக்கிறது. ஒரே மனிதனின் ரத்தம் ஜனவரியில் அப்படியும் மார்ச்சில் இப்படியும் இருக்க முடியாது. இங்கே குழாய் மாறிவிட்டதென்று முதலில் மமதாவைத்தான் கடிந்துகொண்டேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு ஜனவரிக் குழாயில் எக்ஸ் குரோமோசோமில் மட்டும் ஒட்டும் வேறொரு சாயத்தைப் போட்டேன். ஆண் என்றால் ஒரு புள்ளி வர வேண்டும். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு இருந்தன.

அண்ணி, அது ஒரு பெண்ணின் ரத்தம்.

தாமோதரன் அன்றைக்கு வரவே இல்லை, அப்படித்தானே? அவர் பெயரில் யாரோ ஒரு பெண்ணை உட்காரவைத்திருக்கிறீர்கள். நம் ஊரில் எதையும் பொறுப்பாகச் செய்ய மாட்டார்கள் என்று இங்கே மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் மறுத்துப் பேசியவள் நான்.

கோபம் கிடக்கட்டும். முன்பு எழுதாமல் விட்ட ஊகத்தை இப்போது எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் உடம்புக்கு, அறுந்த டிஎன்ஏவை ஒட்டவைக்கத் தெரியவில்லை. பிறவியிலேயே வந்த குறையாக இருக்கும். சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருப்பாள், அவளுக்கே தெரியாது. ஆனால் எப்போதாவது அவளுக்குக் கரண்ட் வைக்க நேர்ந்தால், மற்றவர்கள் தாங்கும் அளவை அவள் தாங்க மாட்டாள். உயிர் போகும். அவள் யார் என்று உடனே எழுதுங்கள்.

ஷைலஜா

கோரமண்டல்
20 மார்ச் 2024

ஷைலா,

நேற்று போனில் உன்னிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. நீ திரும்பத் திரும்ப "நாளைக்குப் போகாதீங்க அண்ணி, நாளைக்குப் போகாதீங்க" என்று சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. இன்றைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமையே பள்ளிக்கு வந்திருக்கிறது. நான் லீவு. அது என் மேசையில் சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. ஆயா பார்வதம்மா நேற்று என்னைப் பார்க்க வந்தவள், ஞாபகமாக எடுத்துவந்தாள். ரயிலில் வந்து இறங்கிய களைப்போடு பிரித்தேன். முதல் பத்தியைப் படித்துவிட்டு, ஷைலாவே சொல்லிவிட்டாள் என்று நிம்மதியாகி, பார்வதம்மாவுக்கு டீ போட எழுந்தேன். திரும்ப வந்து மீதியைப் படித்தேன்.

அந்தப் பெண் நான்தான். அதற்குள் நாலு முறை கரண்ட் வைத்தாகிவிட்டது.

பார்வதம்மாவின் போனை வாங்கித்தான் உன்னைக் கூப்பிட்டேன். அப்பா படம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் உனக்குப் புரியும். தாமோதரன் மாமா வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. மமதா பெட்டியை மூடுகிற நேரம். தட்டில் எல்லாக் குழாயும் நிறைந்திருக்க, அவர் பெயர் ஒட்டிய குழாய் மட்டும் காலியாக நின்றது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் டோக்கனைப் போர்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். என் அப்பாவின் டோக்கன் அப்படித் தொங்கியதை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் நான். பெயர் எழுதிய ஒன்று வெறுமனே நிற்பது இந்த ஊரில் யாருக்கும் ஆகாது. மமதா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு உதவியாக வந்து பக்கத்தில் நின்ற நர்ஸிடம் கையை நீட்டிவிட்டேன். வெறும் ரத்தம்தானே என்று நினைத்தேன். யாருடையதாக இருந்தால் என்ன?

நீ பச்சைப் புள்ளி என்று எழுதியபோதே அது என் ரத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் மெஷின் என் கட்டியைத்தான் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கட்டியைத்தான் எடுத்தாகிவிட்டதே, இனிச் சொல்லி உன்னிடம் ஏன் திட்டு வாங்க வேண்டும் என்று, இந்த முறை நிஜ மாமாவையே உட்காரவைத்தேன்.

மார்பு சுட்ட கத்தரிக்காய் மாதிரி கறுத்துத் தோல் கழன்று வருகிறது. எல்லோருக்கும் சிவக்கும், ஆனால் இத்தனை சீக்கிரம் வராதே என்று நேற்றுத்தான் அங்கே ஒரு நர்ஸ் சொன்னாள். நேசமணிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஷைலா, நேசமணிக்கும் இதுதானா?

உன் அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு ஏன் ரயிலுக்குக் கிளம்பவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அண்ணி

பெங்களூரு
24 மார்ச் 2024

அண்ணிக்கு,

வெள்ளிக்கிழமை உங்கள் டாக்டரைப் பார்த்தேன். நீங்கள் அண்ணனிடம் சொல்லி, அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நான் வருவேன் என்று சொன்னதாக அங்கே தெரிந்துகொண்டேன். என் பெயரைச் சொன்னாராம்.

டாக்டர் முதலில் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். படங்களைக் காட்டினேன். உங்கள் செல்லையும் மற்றவர்கள் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "இவங்களுக்கு நாலு வச்சிட்டோமே" என்றார்.

கரண்ட் முழுதாக நிறுத்தப்பட்டது. பதிலாக அந்த மார்பை எடுத்துவிடுவது நல்லது என்கிறார். தோல் ஆறிய பிறகுதான். கீமோ ஊசி மருந்து ஏதாவது தேவைப்பட்டால் அதையும் உங்கள் உடம்பு தாங்குமா என்று பார்த்தே கொடுக்க வேண்டும். வைத்த நாலு முறைக்கு உடம்பு என்ன பதில் சொல்லும் என்று காத்திருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். நன்றாகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை. போன முறை எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதினேன்.

பயப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பெண்ணுக்கு வைத்தால் உயிர் போகும் என்றேன். இரண்டையும் ஒரே தாளில், ஒரே பேனாவில், சில வரி இடைவெளியில் எழுதினேன். பிப்ரவரியிலேயே என் ஊகத்தை எழுதியிருந்தால் நீங்கள் ஒரு முறைகூடப் போயிருக்க மாட்டீர்கள். உறுதியாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் வகுப்புக்குப் போகவில்லை.

உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களா? மாமன் மகளா? டாக்டர் கேட்கிறார். இந்தக் குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் மகன் கிரிஷுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது; ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

நேசமணியைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் ரத்தம் எங்கும் இல்லை. அதனால் நிரூபிக்க முடியாது. ஆனால் இதுதான் என்று நம்புகிறேன்.

ஷைலஜா

கோரமண்டல்
6 ஏப்ரல் 2024

அன்பு ஷைலா,

தேவ கிருபையால் என்று தொடங்கிவிட்டு அடுத்த வரி வராமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியே விட்டுவிடுகிறேன்.

படுக்கையில் சாய்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். புண் ஓரங்களில் மட்டும் ஆறத் தொடங்கியிருக்கிறது. ஈஸ்டருக்குச் சர்ச்சுக்குப் போகவில்லை. கஞ்சி இறங்குகிறது. நேசமணிக்கு இந்த நேரத்தில் தண்ணீரே இறங்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு அப்பா சொந்த மாமன் மகன்தான். நம் ஜனத்தில் அது பெருமை.

போன திங்கள்கிழமை உன் அண்ணனை ஆட்டோ கொண்டுவரச் சொல்லி, நேசமணியின் புருஷன் ஃப்ரெடி வீட்டுக்குப் போனேன். மாரிகுப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வேண்டாம் என்று அம்மா அழுதபோது, டாக்டர் சொல்கிறார் என்று நேசமணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். கொண்டுபோய்க் கொன்றுவிட்டான் என்று சொல்லி, அவரை நாங்கள் யாரும் வாசற்படி ஏற்றவில்லை. அவர்கள் மகள் ஷில்பா கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே கேட்டார். குமிழி வந்துகொண்டே இருந்தது. ஓட்டை எங்கே என்று அவர் பார்க்கவில்லை. கடைசியில், "அப்ப நான் கூட்டினு போவாம இருந்திருந்தா அவ இருந்திருப்பாளாக்கா?" என்றார்.

ஷைலா, இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். பதில் தெரிந்தாலும் வேண்டாம்.

திரும்பி வந்ததும் உன் அண்ணன் வீட்டு வாசலில் என்னைத் தூக்கி இறக்கிவிட்டுச் சொன்னார்: "அவன் மேல இன்னா தப்பு இருந்துச்சு? பொழைக்கட்டும்னுதான கூட்டினு போனான்." கதவைத் திறந்துகொண்டே, "ஷைலாவும் அதுக்குத்தான் கூட்டினு போனா" என்றார். உள்ளே போய் அப்பா படத்துக்கு முன்னால் நின்றார். என்னிடம் வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தில் ஸ்டாம்ப் இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். கொண்டுவந்து கொடுத்தவர் உன் எதிரில்தான் நிற்பார். அவரை உட்காரச் சொல். சொல்லாமல் உட்கார மாட்டார். கூட கிரிஷும், ஃப்ரெடி அனுப்பிவைத்த ஷில்பாவும் இருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் ரத்தமும் ஆகுமென்றால் கொடுக்கிறேன் என்கிறார் உன் அண்ணன். அவருக்கு ஊசி என்றால் பயம். அதை அவர் சொல்ல மாட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டுக் குத்து.

மூன்று குழாய் எடுத்து வை. ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரை நீயே உன் கையால் எழுது. எழுதிய பிறகு, அந்தப் பெயருக்கு உரியவர்தானா என்று முகத்தைப் பார்த்துவிட்டு எடு.

அண்ணி ஜெசிந்தா